என் அண்ணனைப் பிரம்மச்சாரி ஆக்கியவர்கள்

1

அந்த அழைப்பிதழ் வாட்சாப்பில் வந்தபோது நான் ஜெர்மனியில், கிரேஃபெல்ட் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுப் பாஸ்போர்ட் வந்தால் குடியிருப்பு அட்டையையும் மாற்ற வேண்டும். அட்டையை மாற்ற சம்பளச் சான்று வேண்டும், வாடகைச் சான்று வேண்டும், புகைப்படத்தில் காது தெரிய வேண்டும். இந்த நாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும், ஒவ்வொரு முறையும் நேற்று வந்து இறங்கியவளைப் போலத்தான் அந்த நாற்காலியில் உட்கார்கிறேன்.

போனைத் திறந்தால் என் அண்ணன் முகம். பக்கத்தில் ஒரு வேல், ஒரு மயில், மேலே பெரிய எழுத்தில்: ‘நவீனக் கவிஞர், ஓவியர் அமரர் குமாரசாமி நினைவுக் கலைக்கூடம் திறப்பு விழா.’ அண்ணன் போய் ஓராண்டு ஆகப்போகிறது என்பது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் திருப்பூருக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நிமிடம் மனசு குளிர்ந்துதான் போயிற்று. பிறகு கீழே இருந்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்தேன்.

‘நெசவாளர் குடியில் பிறந்து, முருகப் பெருமான் அருளால் கவிதையும் ஓவியமும் கைவரப் பெற்று, இல்லறம் ஏற்காமல் பிரம்மச்சாரியாகவே வாழ்ந்து, கலைக்குத் தன்னை அர்ப்பணித்தவர்.’

திரும்பவும் படித்தேன். எழுத்து மாறவில்லை. அதற்குள் என் எண் திரையில் மின்னியது.

உள்ளே இருந்த அலுவலர் நல்ல பெண்மணி. வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, “குடும்ப நிலை?” என்றார். மணமாகாதவரா, மணமானவரா, விலக்குப் பெற்றவரா, துணையை இழந்தவரா. இங்கே நூலக அட்டை வாங்கப் போனாலும் இதைக் கேட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. அன்றைக்கு அந்தக் கேள்வி எங்கேயோ போய் இடித்தது. “பிரம்மச்சாரியாம்!” என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். சமாளிக்க வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்க ஆரம்பித்தேன். என் அண்ணன் இறந்துவிட்டார், அவருக்கு மனைவி இருக்கிறார், அவர் விதவை. விதவைக்கு இங்கே ‘வெர்விட்வெட்’ என்பார்கள். கோபத்தில் என் வாயில் வந்தது ‘வெர்விர்ட்’. அதற்குக் குழம்பிப் போனவள் என்று பொருள்.

“பாவம். யாராக இருந்தாலும் குழம்பித்தான் போவார்கள்,” என்று சொல்லி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார் அந்த அம்மா.

2

என் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எங்கள் தாத்தா தறி நெய்தார். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார். பெரியப்பா மட்டும் சாமர்த்தியசாலி. சின்னதாக ஒரு பனியன் கம்பெனி ஆரம்பித்து, அவர் மகன் தங்கவேல் அண்ணன் அதைப் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஆக்கிவிட்டார். என் அண்ணன் குமாரசாமி சென்னைக்குப் போய் ஓவியம் படித்தான். படித்துவிட்டு வந்தவனுக்கு எங்கள் ஊரில் என்ன வேலை கிடைக்கும்? தங்கவேல் அண்ணனின் கம்பெனியிலேயே பிரிண்டிங் செக்‌ஷனில் சேர்ந்தான். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் கரடிப் பொம்மையையும் பூவையும் எத்தனை நிறமாகப் பிரித்து அச்சடிப்பது என்று பார்க்கிற வேலை.

வேலை முடிந்த பிறகு அவன் வேலை ஆரம்பிக்கும். கட்டிங் மேசையில் மிஞ்சிய துணியை விரித்து, டப்பாவின் அடியில் மிஞ்சிய பிரிண்டிங் கலரைக் குழைத்து வரைவான். அவன் படங்களில் ஆட்களுக்குப் பெரும்பாலும் தலை இருக்காது. கழுத்து வரைக்கும் வந்து படம் முடிந்துவிடும். “ஏனுங்க, இந்தாளு தலையக் காணமுங்க?” என்று கேட்டால், “அது ஓவர்டைம்ல இருக்குதுங்க,” என்பான். முகம் மாறாமல் சொல்வான். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விடுவார்கள்.

கவிதையும் அப்படித்தான். சிற்றிதழ்களில் வந்தது. மெல்லிய இரண்டு தொகுப்புகள் போட்டான். எங்கள் அப்பாவுக்கு அதில் ஒரு வரியும் பிடிபடவில்லை. எனக்கு ஒன்று மட்டும் இன்றைக்கும் மனப்பாடம்:

ஞாயிற்றுக்கிழமை
தலைமுழுகப் போன ஆறு
நீலமாய்த் திரும்பி வந்தது.
திங்கட்கிழமை என்ன நிறம் என்று
முதலாளியைத்தான்
கேட்க வேண்டும்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் இந்தக் கவிதையைப் போட்டிருந்தார்கள். ‘நீலமாய்த் திரும்பி வந்தது’ என்பதோடு முற்றுப்புள்ளி. திங்கட்கிழமையும் இல்லை, முதலாளியும் இல்லை. பக்கத்தில் அலையடிக்கிற ஒரு நீல ஆறு, கரையில் தென்னை மரம். படிக்கிறவர்களுக்குச் சாயக்கழிவு ஞாபகத்துக்கு வராது; இயற்கைக் கவிஞர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

3

ஒரு பங்குனி உத்திரத்துக்கு முன்பு தங்கவேல் அண்ணன் கம்பெனியின் ரோட்டோரச் சுவரில் முருகனை வரையச் சொன்னார். அண்ணன் லீவு போட்டுவிட்டு வரைந்தான். ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டில் முருகன் உட்கார்ந்திருக்கிறான். பனியன் போட்டிருக்கிறான். மடியில் டிபன் பாக்ஸ். வேலாயுதத்தைக் குடை மாதிரி பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறான். காலடியில் மயில் சுருண்டு படுத்துத் தூங்குகிறது. இந்த முருகனுக்குத் தலை இருந்தது. களைத்துப் போன முகம்.

ஷிப்டுக்கு வருகிற பெண்கள் அந்தச் சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். யாரோ ஒரு செம்பருத்தியைச் செருகி வைத்தார்கள். வெளியூர் போயிருந்த தங்கவேல் அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. என் அண்ணனைக் கூப்பிட்டு, “நல்லாத்தான் கண்ணு வரைஞ்சிருக்கற. ஆனா சாமி சாமியாட்ட இருக்கோணுமல்ல? பெரியவங்க சங்கடப்படறாங்க. நீ வரைஞ்சத இன்னொருத்தன் கையால அழிக்கறது உனக்கு மரியாதையில்ல. நீயே அழிச்சுரு,” என்றார்.

சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் ஆள் விட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். என் அண்ணன் தானே அழித்தான். பட்டப்பகலில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க. “மயில மட்டும் கடைசில அழிச்சன். அது தூங்கிட்டிருந்துச்சு,” என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான்.

அவன் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது செக்கிங் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து நின்று பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். பெயர் அருள்மேரி. அதுவரை இருவரும் பேசியது கிடையாது.

“நீங்க என்னத்துக்கு அழிக்கிய?” என்று கேட்டாள். “அழிக்கச் சொன்னவுகளே வந்து அழிக்கட்டும்னு மட்டைய அவுக கையில குடுக்க வேண்டியதுதான?”

அண்ணன் சுண்ணாம்பு அப்பிய முகத்தோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். அன்று சாயங்காலமே கம்பெனியை விட்டு நின்றுவிட்டான். அவளை மட்டும் விடவில்லை.

4

சிவன்மலைப் படிக்கட்டில் வைத்துத் தாலி கட்டினான். அருள்மேரியின் அம்மா ஊரிலிருந்து வந்து ஜெபம் பண்ணி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். பதிவு அலுவலகத்துக்கு அவர்கள் போகவில்லை. ஜாதியும் வேறு, மதமும் வேறு; இரண்டு பக்கமும் எதிர்ப்பு ஓய்ந்த பிறகு போகலாம் என்று இருந்தார்கள். எதிர்ப்பு ஓயவே இல்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவோம். அந்தச் சமயம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அவள நங்கைன்னு கூப்பிட்டீன்னா நாக்க அறுத்துப் போடுவேன்,” என்றார் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு நிட்டிங் மெஷின் கம்பெனியில் வேலை கிடைத்து ஜெர்மனிக்கு வந்தோம். இங்கே வந்து போன் கார்டு வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டது அவளைத்தான். “நங்கை, நல்லா இருக்கறீங்களா?” என்றேன். “இருக்கேன் சுமதி. நீங்க சாப்ட்டியளா?” என்றாள். அதற்குள் அம்மாவின் கை எட்டாத தூரத்துக்கு வந்துவிட்டிருந்தேன்.

திருப்பூரின் ஓரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவள் கம்பெனி கம்பெனியாக டெய்லர் வேலைக்குப் போனாள். அவன் சின்னச் சின்ன பிரிண்டிங் பட்டறைகளில் கிடைத்ததைச் செய்தான். பெரிதாக வரைய ஆசைப்பட்டான்; கான்வாஸ் வாங்க முடியாது. அவள் வெட்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் பெரிய பெரிய விரிப்புகளாகக் கொடுத்தாள். அவனுடைய நல்ல படங்கள் எல்லாம் அவள் தைத்த துணியில்தான் இருக்கின்றன. தையல் ஓடுகிற இடத்தை அவன் மறைக்க மாட்டான். அந்தத் தையலையே ரோடாக்குவான், ஆறாக்குவான், கம்பெனிச் சுவராக்குவான்.

பிரம்மச்சாரியாம்.

5

நுரையீரலில்தான் அவனுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவள் அவள். அவன் போன அன்று என் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்காகத் தூதரக அலுவலகத்தில் கிடந்தது. கெஞ்சினேன். அவசரச் சான்று கொடுக்கலாம், அதற்கு இறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அண்ணன் இன்னும் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறான், சான்றுக்கு எங்கே போவது? வீடியோவில்தான் பார்த்தேன்.

தங்கவேல் அண்ணனின் கம்பெனி ஆள் ஒருவன் போனைப் பிடித்திருந்தான். சாகிற வரைக்கும் எட்டிப் பார்க்காதவர்கள், லைன் வீட்டிலிருந்து உடம்பைப் பெரியப்பாவின் ‘பெரிய ஊட்டு’க்கு எடுத்துப் போயிருந்தார்கள். குடும்பக் கவுரவமாம். சங்கு ஊதுகிறார்கள், பன்னீர் தெளிக்கிறார்கள், ஆளாளுக்கு மாலை போடுகிறார்கள். அந்தப் பையன் போனைத் திருப்பியபோது ஓரத்தில் கேட் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே வெயிலில் நங்கை நின்றாள். வாட்ச்மேன் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அவங்கள உள்ள விடச் சொல்லுப்பா!” என்று கத்தினேன். “ஆகட்டுங்க்கா, சொல்றனுங்க்கா,” என்றான் பையன் ரொம்ப மரியாதையாக. போன் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

என் மகன் நிலவன் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தான். எட்டாவது படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற ரகம். “ஏன் அவரை வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்?” என்று ஜெர்மனில் கேட்டான். எந்த மொழியில் பதில் சொல்வது? ஜாதி என்பதற்கு அவர்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. இந்தியா என்றதும் மாட்டுக்குப் பக்கத்தில் அதைப் போடுவார்கள்.

6

அழைப்பிதழ் வந்த அன்றே தங்கவேல் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“சுமதிக் கண்ணு! நல்லா இருக்கறயா? என்ற தங்கச்சி ஜெர்மனில இருக்கறான்னு நான் பையர்கிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லிக்குவேன்.”

“ஏனுங்ண்ணா, அண்ணனுக்குக் கல்யாணமே ஆகலீன்னு போட்டிருக்கறீங்க?”

“அதுங்கண்ணு… எழுதினவரு அப்படி எழுதிட்டாரு. ஆனா ரெக்கார்டுப்படி பாத்தா தப்பில்லையே? பதிவே பண்ணலையல்ல அவங்க.”

“அந்தக் கவிதைல பாதியக் காணோமுங்ண்ணா.”

“எடம் பத்தலைன்னு டிசைனர் சொன்னான் அம்மிணி. அத உடு. உன்கிட்ட ஒரு காரியம் ஆகோணும். படமெல்லாம் அந்தப் புள்ளைகிட்ட இருக்குது. கேட்டா தரமாட்டேங்குது. நம்மாளுங்க போனப்ப ஊட்டப் பூட்டிட்டு, எல்லாத்தையும் கொமரலிங்கம் ஊருக்கு ஏத்தீட்டுப் போயிருச்சு. அம்மா அப்பா இல்ல, சட்டப்படி நீதான் வாரிசு. நீ ஒரு பவர் பத்திரம் எழுதித் தூதரகத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பீரு. மிச்சத்த நான் மரியாதையா முடிச்சுக்கறேன்.”

இந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஊரில் யாரும் யாரையும் ‘வாடா போடா’ என்பதில்லை. ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘நீயே அழிச்சுரு கண்ணு’ என்கிறார்கள். ‘வெளிய நில்லுங்க’ என்கிறார்கள். கெட்ட வார்த்தை சொல்லி அடித்தால்கூட ஊர் கேட்கும். இப்படிக் கும்பிட்டுக் கும்பிட்டுச் செய்கிற கொடுமைக்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

“கையெழுத்துப் போடறனுங்ண்ணா,” என்றேன். என்ன பத்திரத்தில் என்று சொல்லவில்லை.

7

தூதரக அலுவலகத்துக்கு இரண்டு ரயில் மாறிப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இந்தியில் ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் போய் இடையில் ஜெர்மன் கலந்துவிட்டது. அவர் முகத்தைச் சுளித்தார். பத்திரத்தை நீட்டினேன். என் அண்ணனின் ஓவியங்கள், கவிதைகள் ஆகியவற்றில் எனக்கு உள்ள எல்லா உரிமையையும் ‘என் அண்ணன் மனைவி அருள்மேரிக்கு’ விட்டுக்கொடுக்கிறேன் என்று நானே தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன்.

“மனைவி என்பதற்குத் திருமணச் சான்று?”

“இல்லை.”

“அப்படியானால் எப்படி மனைவி?”

எனக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு, “சேர்ந்து வாழ்ந்தார்கள். நோயில் பார்த்துக்கொண்டார். அவர் தைத்துக் கொடுத்த துணியில்தான் என் அண்ணன் படம் வரைந்தார். இதற்கு எந்த அலுவலகத்தில் சான்று தருகிறார்கள், சொல்லுங்கள், வாங்கிக்கொண்டு வருகிறேன்,” என்றேன்.

அவர் சோர்வாக, “மேடம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை. நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதற்கு மட்டும்தான் எங்கள் முத்திரை,” என்றார்.

“அது போதும். எழுதியதற்கு நான் பொறுப்பு.”

முத்திரை விழுந்தது. இத்தனை வருடத்தில் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து நான் நிமிர்ந்து வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

8

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நிலவனையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இறங்கினேன். நேராகக் கொமரலிங்கம். அமராவதி ஆற்றை ஒட்டி, நெல் வயலுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. நங்கையோடு கூட வேலை பார்த்த பெண் ஒருத்தியின் வீடு. முன்னறை முழுக்க அண்ணன் படங்கள் சுருட்டிச் சுருட்டி நிறுத்தியிருந்தன. கரையான் வராமல் ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல் வைத்திருந்தாள் நங்கை.

பத்திரத்தைக் கொடுத்தேன். வாங்கித் தமிழ்ப் பகுதியைப் படித்தாள். ‘என் அண்ணன் மனைவி’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் பேசிக்கொண்டே போனேன். விழாவுக்கு யாரும் போகக் கூடாது, பேப்பரில் அறிக்கை விட வேண்டும், கேஸ் போட வேண்டும், அவனுங்களைச் சும்மா விடக் கூடாது என்று.

“நான் போகப் போறேன்,” என்றாள்.

“எங்க?”

“விழாவுக்குத்தான். அவுக பேருல நடக்கு, நான் போவாண்டாமா?”

“உங்களக் கேட்டுக்கு வெளிய நிறுத்துனவங்க நடத்தறாங்க நங்கை!”

“அதுக்குத்தான் போறேன். நீங்க அங்கன இருந்து கோவப்படுதிய சுமதி. உங்க கோவத்துக்கு போன் போதும். எங்கோவத்துக்கு நான் பஸ் ஏறிப் போயி நிக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் என்மேல் கோபமில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நிலவன் ஒரு படத்தைப் பிரித்துத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில்லாத ஆட்கள் தையல் கோட்டின் மேல் வரிசையாக நடந்துபோகிற படம். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அண்ணன் கவிதையை அவனுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்ப்பான். அந்தப் படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தான். “இந்த மாமாவை நான் ஏன் பார்த்ததே இல்லை?” என்று கேட்டான், ஜெர்மனில்தான். பிறந்த வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளப் பயந்துகொண்டு, லீவுக்கு வந்தபோதெல்லாம் அவனை மாமியார் வீட்டோடு நிறுத்திக்கொண்டவள் நான். படத்தைச் சுருட்ட உதவினேன்.

9

கலைக்கூடம் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். பளிங்குத் தரை, ஏசி. சுவரெல்லாம் அண்ணனின் படங்கள். அசல் கையில் இல்லாததால், யாரோ எப்போதோ போனில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கி பிளக்ஸில் அடித்து மாட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். என்னவோ குறைந்தது. பிறகுதான் தெரிந்தது, தையல்களைக் காணோம். துணி கிழிந்து ஒட்டுப் போட்டது என்று நினைத்து, கம்ப்யூட்டரில் வழவழவென்று அழித்துவிட்டிருந்தார்கள். தலையில்லாத ஆட்கள் கால் வைக்க இடமில்லாமல் அந்தரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

வாசலில் கருங்கல் பலகை. அழைப்பிதழில் இருந்த அதே வாசகம், தங்க நிற எழுத்தில்.

முன்வரிசை சோபாவில் ‘குடும்பத்தார்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. என்னையும் நிலவனையும் அங்கே உட்கார வைத்தார்கள். நங்கை நேராகப் போய் அங்கே நின்றாள். வரவேற்பில் இருந்த பெண் பட்டுச் சேலை சரசரக்க ஓடி வந்தாள். “ஏனுங்க, நீங்க யாருங்க?”

“நான் அவுக வீட்டுக்காரி.”

அந்தப் பெண் கையில் இருந்த அழைப்பிதழைப் பார்த்தாள், நங்கையைப் பார்த்தாள். “அவருக்குத்தான் கல்யாணம் ஆகலீங்களே…” என்று இழுத்தாள். அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்தது அதுதான்.

தங்கவேல் அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். “வாங்க, வாங்க. வந்ததுல ரொம்பச் சந்தோசமுங்க. இது குடும்பத்தாளுங்க வரிசைங்க. பின்னால நல்ல எடமாப் பாத்துச் சேர் போடச் சொல்றனுங்க.”

என் ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள் நிலவன் முந்திக்கொண்டான். சோபாவிலிருந்து எழுந்து நின்று, “அத்தை, நீ இங்கே உக்காரு. நான் நிக்கிறேன்,” என்றான்.

அவனுக்கு ‘நீங்க’ வராது. ‘உக்காருங்க’ வராது. மரியாதை தெரியாத தமிழ்தான் அவனிடம் இருக்கிறது. ஆனால் மாமன் மனைவி அத்தை என்று மட்டும் தெரிந்திருக்கிறது. அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. குரல் உடைகிற வயசு, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நங்கை உட்கார்ந்தாள். அவன் அவளுக்குப் பின்னால் சோபாவைப் பிடித்துக்கொண்டு விழா முடிகிற வரைக்கும் நின்றான்.

மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் அண்ணனின் துறவைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் கண் கலங்கினார். நங்கை கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

முடிந்ததும் தங்கவேல் அண்ணன் எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். “நடந்தது நடந்து போச்சுங்க. பிளக்ஸ் பாக்க அவ்வளவு நல்லால்ல. அசலு இங்க இருந்தாத்தான் அவனுக்குப் பெருமை. உங்களுக்கு என்ன வேணும்னு மனசு விட்டுக் கேளுங்க,” என்றார் நங்கையிடம்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக் கல்லுல பொய்ய எடுத்துட்டு ‘மனைவி அருள்மேரி’ன்னு போடுங்க. எல்லாப் படத்தையும் நானே கொண்டாந்து மாட்டுதேன்.”

அவர் காபி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “கல்லு வெட்டியாச்சுங்களே. சொந்தபந்தமெல்லாம் பாத்தாச்சு. இனி மாத்துனா பத்துப் பேரு பத்து விதமாப் பேசுவாங்க…”

“சரி,” என்று நங்கை எழுந்தாள். “கல்ல நீங்க வச்சுக்கிடுங்க. படம் எங்கிட்ட கெடக்கட்டும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “சுமதிக் கண்ணு, நீ கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தது?”

பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்தேன். நின்றபடியே படித்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கழுத்து மட்டும் சிவந்தது. “இது செல்லாது அம்மிணி,” என்றார்.

“செல்லுதா செல்லாதான்னு கோர்ட்ல பாத்துக்கலாமுங்ண்ணா,” என்றேன். நானும் அந்த ஊர்க்காரிதான். எனக்கும் மரியாதையாகப் பேசத் தெரியும்.

10

திரும்பி வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். மழலையர் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் கோபம் வருகிறது. ஆறட்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். ஆறவில்லை.

தங்கவேல் அண்ணன் கோர்ட்டுக்குப் போகவில்லை. கல்லையும் மாற்றவில்லை. கலைக்கூடத்தில் இப்போது பையர் மீட்டிங்கும் பிறந்தநாள் விருந்தும் நடக்கின்றனவாம். நங்கை வெள்ளகோவிலில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, படங்களோடு அங்கேயே வாடகைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலைத் திறந்து வைத்து ஒன்றிரண்டு படங்களைச் சுவரில் மாட்டி வைக்கிறாள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், தென்காசிப் பக்கத்துப் பெண்கள், கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் யாரோ ஒருத்தி தலையில்லாத படத்தைப் பார்த்து, “இது எங்க சூப்பர்வைசர் நிக்கிற மாதிரியே இருக்குக்கா,” என்றாளாம். சொல்லிவிட்டு நங்கை போனில் சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர் பக்கம் போனால் அந்தக் கலைக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கல்லில் இருப்பதைப் படியுங்கள். படித்துவிட்டு அங்கே இருக்கிற பொறுப்பாளரைக் கூப்பிட்டு, “ஏனுங்க, இவருக்கு ஒரு சம்சாரம் இருந்தாங்களே, அருள்மேரின்னு, அவங்க பேரு எங்கீங்க?” என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம். போகிற ஒவ்வொருவரும் நல்ல மரியாதையாகவே கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.